கையெழுத்துப் போட்டு வாங்கிய மெயில் எங்கே போனது?

சொந்தமாக மெயில் சர்வர் நடத்துபவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதலாம் என்று போன இதழில் ஓரமாக ஒரு வரி போட்டிருந்தோம். 42 கடிதங்கள் வந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒற்றை வரிதான்: "அக்கா, மெயில் போகவே மாட்டேங்குது, என்ன செய்ய?" எதிர்ப்பக்கத்து சர்வர் என்ன பதில் சொன்னது என்றும் சேர்த்து எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். இந்த முறை பெரும்பாலும் அவர்களுக்குத்தான் பதில்.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அப்பா திருச்சி ஜங்ஷன் ஆர்எம்எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டராக இருந்தவர். கடிதம் ஒரு வாரம் லேட் என்று யார் சண்டைக்கு வந்தாலும், "கவரைத் திருப்புங்க, பின்னாடி என்ன முத்திரை இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார். எந்த ஊரில் எத்தனை நாள் படுத்துக் கிடந்தது என்பது அந்த முத்திரையில் தெரிந்துவிடும். மெயில் சர்வரில் கவரின் பின்பக்கத்துக்குப் பெயர் லாக், சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவேடு. எதிர்ப்பக்கம் சொன்ன மூன்று இலக்க எண் அதில் இருக்கும். 2இல் தொடங்கினால் வாங்கிக்கொண்டது. 4 என்றால் இப்போது முடியாது, அப்புறம் வா. 5 என்றால் வராதே. மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறையான எஸ்எம்டிபியை 1982இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்தபோது போட்ட கணக்கு, இன்றைக்கும் அதேதான். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

திருப்பூர் வாசகர் ஒருவர்: "பனியன் கம்பெனிக்காக விபிஎஸ் என்ற இணைய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். ஜிமெயிலுக்கு அனுப்பினால் ஒரு மெயில் போகிறது, அடுத்த மெயில் திரும்பி வருகிறது. அதே ஆள், அதே முகவரி, அதே கணினி. ஐபி முகவரிக்குப் பெயர் காட்டும் பிடிஆர் பதிவும் போட்டாகிவிட்டது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது அக்கா. லாக் இணைத்திருக்கிறேன்."

லாக் இணைத்தீர்கள் பாருங்கள், அதனால்தான் உங்களுக்கு முதல் இடம். பேயின் பெயரும் அதிலேயே இருக்கிறது. நல்லபடியாகப் போன மெயிலின் வரியில் "ரிலே" என்ற சொல்லுக்கு அடுத்த சதுர அடைப்புக்குள் பாருங்கள்: 74.125 என்று தொடங்கும் முகவரி. திரும்பி வந்த மெயிலின் வரியில் அதே இடத்தில் 2404:6800 என்று தொடங்குகிறது. இரண்டுமே கூகுளின் வாசல்தான். முதலாவது பழைய வகை இணைய முகவரியான ஐபிவி4 வாசல், இரண்டாவது புதிய வகையான ஐபிவி6 வாசல்.

உங்கள் விபிஎஸ்ஸுக்கும் இரண்டு முகவரி கொடுத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு வழியும் திறந்திருந்தால், எந்த வழியை முதலில் எடுப்பது என்று போஸ்ட்ஃபிக்ஸ் பூவா தலையா போட்டுப் பார்க்கும். பூ விழுந்தால் போகிறது, தலை விழுந்தால் 550, 5.7.1 என்று திரும்புகிறது. அந்த 550க்குப் பின்னால் ஒரு நீளமான ஆங்கில வாக்கியம் இருக்கிறதே, அதை நீங்கள் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். "ஐபிவி6 வழியாக அனுப்புவதற்கான பிடிஆர், அத்தாட்சி விதிகளுக்கு இந்த மெயில் பொருந்தவில்லை" என்று பச்சையாகச் சொல்லியிருக்கிறது.

"பிடிஆர்தான் போட்டேனே" என்பீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். உங்கள் இணையப் பெயரான டொமைனை வாங்கிய கம்பெனியின் பேனலில் போட்டிருக்கிறீர்கள். அங்கே போட்டால் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டிஎன்எஸ் என்ற இணைய முகவரிப் புத்தகத்தில், பெயரிலிருந்து முகவரிக்குப் போகும் கணக்கு டொமைன்காரர் கையில் இருக்கிறது. முகவரியிலிருந்து பெயருக்குத் திரும்பும் கணக்கு அந்த ஐபி யாருக்குச் சொந்தமோ அவர் கையில். உங்கள் விஷயத்தில் அது விபிஎஸ் கம்பெனி. அவர்கள் பேனலில் "ரிவர்ஸ் டிஎன்எஸ்" என்று ஒரு பெட்டி இருக்கும். இல்லாவிட்டால் டிக்கெட் போட்டுக் கேட்க வேண்டும். ஐபிவி4க்கு அவர்களாகவே எண்களைக் கோத்து ஏதோ ஒரு பெயரைப் போட்டு வைத்திருக்கிறார்கள், ஜிமெயிலும் அரைமனதாக வாங்கிக்கொள்கிறது. ஐபிவி6க்கு அதுவும் கிடையாது.

சரியான வைத்தியம்: இரண்டு முகவரிக்கும் பிடிஆர் போட்டு உங்கள் மெயில் சர்வரின் பெயரைக் காட்டுங்கள். அந்தப் பெயரைத் தேடினால் திரும்ப அதே இரண்டு முகவரிகள் வர வேண்டும். சர்வர் "ஹலோ" சொல்லும்போது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். டிக் (dig) கட்டளையில் மைனஸ் எக்ஸ் போட்டு ஐபியைக் கொடுத்தால் பெயர் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்றைக்கே லாரி கிளம்ப வேண்டும், இன்வாய்ஸ் போயே ஆக வேண்டும் என்றால் குறுக்கு வழியும் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகள் இருக்கும் மெயின்.சிஎஃப் கோப்பில் ஐநெட் புரோட்டோகால்ஸ் என்ற வரியை ஐபிவி4 என்று மாற்றிவிடுங்கள். கவனம், இந்த ஒரு வரிக்கு ரீலோட் செய்தால் போதாது. போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். ரீலோட் செய்துவிட்டு "மாற்றியும் வேலை செய்யவில்லை" என்று எனக்கு போன் செய்தவர்கள் ஒரு கை விரலுக்கு மேல். உண்மையைச் சொன்னால், சின்ன ஆபீஸ்களில் நானும் இந்தக் குறுக்கு வழியிலேயே விட்டுவிடுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் டொமைனில் எஸ்பிஎஃப் பதிவு, அதாவது உங்கள் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் வரி, இரண்டு இருக்கிறது. பழைய மெயில் கம்பெனிக்குப் போட்டதை அழிக்காமல், விபிஎஸ்ஸுக்குப் புதிதாக இன்னொன்று போட்டிருக்கிறீர்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப்தான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது என்பது விதி. இரண்டையும் ஒரே வரியாக்குங்கள். அந்த வரியைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் தேவைப்பட்டாலும் செல்லாது. ஆகவே கண்ட சேவைகளின் பட்டியலையும் "இன்க்ளூட்" என்று உள்ளே சேர்க்காதீர்கள்.

கும்பகோணம், பாத்திர வியாபாரி: "கொட்டேஷன் அனுப்பினேன். பார்ட்டி வரவேயில்லை என்று சாதிக்கிறார். என் லாக்கில் 250 ஓகே, ஸ்டேட்டஸ் சென்ட் என்று தெளிவாக இருக்கிறது. யார் பொய் சொல்வது?"

யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பதிவுத் தபாலில் அக்னாலட்ஜ்மென்ட் கார்டு திரும்பி வரும், ஞாபகம் இருக்கிறதா? அதில் கையெழுத்து இருக்கும். யாருடைய கையெழுத்து? பல சமயம் வாசலில் நின்ற வாட்ச்மேனுடையது. முதலாளி மேசைக்குக் கடிதம் போனதா என்பதற்கு அந்த கார்டு சாட்சி கிடையாது. 250ம் அப்படித்தான். எதிர்ப்பக்கத்து சர்வர் பொறுப்பேற்றுக்கொண்டது, அவ்வளவுதான் அர்த்தம். அதன் பிறகு இன்பாக்ஸில் வைப்பதா ஸ்பேமில் தள்ளுவதா என்பது அவர்கள் வீட்டு விவகாரம். பார்ட்டியிடம் ஸ்பேம் ஃபோல்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 90 சதவீதம் அங்கேதான் கிடக்கும் என்று சொல்ல ஆசை. கணக்கெடுத்துச் சொல்லவில்லை, கை அனுபவம்.

ஏன் அங்கே போனது என்று பார்க்க, உங்கள் சர்வரிலிருந்து உங்களுடைய ஜிமெயில் முகவரிக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். அதைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டு "ஷோ ஒரிஜினல்" போங்கள். மேலே ஒரு சின்ன அட்டவணை வரும்: எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயிலில் சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இந்த இரண்டில் ஒன்றுகூட அனுப்புநரின் டொமைனோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்ற கொள்கை). மூன்றுக்கும் "பாஸ்" இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் டிகேஐஎம் தோற்றிருக்கிறது, காரணம் அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் வைக்கும் பப்ளிக் கீ சரியில்லை என்று.

அதனால் உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்கும் கீயை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஆமாம், ஒவ்வொரு எழுத்தாக அல்ல, கணினியை எண்ணச் சொன்னேன். 2048 பிட் ஆர்எஸ்ஏ கீ என்றால் "பி=" என்பதற்குப் பின்னால் 392 எழுத்துகள் வர வேண்டும். உங்களுடையது பாதியில் நிற்கிறது. டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் துண்டு 255 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய 1024 பிட் கீ 216 எழுத்துதான், அதனால் ஒரே துண்டில் அடங்கிவிடும். 2048ஐ இரண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துப் போட வேண்டும். வாங்குகிறவர்கள் இரண்டையும் ஒட்டிப் படித்துக்கொள்வார்கள். நல்ல பேனல்கள் இதைத் தானாகவே செய்யும். சில பேனல்கள் சத்தம் போடாமல் 255இல் வெட்டிவிட்டு "சேமிக்கப்பட்டது" என்று பச்சை டிக் காட்டும். உங்களுடையது இரண்டாவது ரகம்.

இன்னொரு பொறி: டிகேஐஎம் கையெழுத்துப் போடும் மென்பொருளான ஓப்பன்டிகேஐஎம் உருவாக்கித் தரும் கோப்பில் அடைப்புக்குறி, மேற்கோள் குறி, நடுவில் வரி முறிவு எல்லாம் இருக்கும். அது பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளின் சோன் கோப்புக்கான எழுத்துமுறை. அப்படியே பேனல் பெட்டிக்குள் ஒட்டினால் அடைப்புக்குறியும் கீயின் பகுதியாகிவிடும். கீயைத் திருத்திய பிறகு ஓப்பன்டிகேஐஎம்முடன் வரும் டெஸ்ட்கீ கருவியை ஓட்டிப் பாருங்கள். "கீ நாட் செக்யூர்" என்று ஒரு வரி வரும், பயப்படாதீர்கள். டிஎன்எஸ் பதில்களுக்கு முத்திரை போடும் டிஎன்எஸ்செக் உங்கள் டொமைனில் இல்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. அடுத்த வரியில் "கீ ஓகே" வந்தால் போதும். பார்ட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மதுரை, கல்லூரி மாணவர்: "வீட்டு பிராட்பேண்டில் ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து மெயில் சர்வர் கட்டியிருக்கிறேன். வெளியே ஒரு மெயில்கூடப் போகவில்லை, கனெக்ஷன் டைம்டு அவுட் என்றே வருகிறது."

தம்பி, கட்டியதற்குச் சபாஷ். ஆனால் வீட்டிலிருந்து நேராக அனுப்ப முடியாது, ஆசையை விட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கம் எந்த எண்ணுமே சொல்லாமல் டைம் அவுட் ஆகிறது என்றால், மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் வாசலான 25ஆம் போர்ட் வழியிலேயே மூடப்பட்டிருக்கலாம். வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் ஸ்பேம் கக்கியதால் வந்த வினை. திறந்துவிட்டாலும் பயன் இல்லை. வீட்டு இணைப்புகளின் ஐபிகள், ஸ்பேம் தடைப் பட்டியல்களை நடத்தும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் இருப்பது வழக்கம். இது குற்றப்பட்டியல் இல்லை. "இந்த முகவரியிலிருந்து நேரடியாக மெயில் வர வேலையில்லை" என்று சொல்லும் பட்டியல். உங்கள் ரூட்டரில் வான் (WAN) என்று இருக்கும் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால் அந்த ஐபி உங்களுக்கு மட்டும் சொந்தமானதுகூட இல்லை, பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்வது.

அனுப்புவதற்கு மட்டும், உங்கள் மெயிலை வாங்கி வெளியே அனுப்பித் தரும் ஏதாவது ஒரு ரிலே சேவையை 587ஆம் போர்ட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். நிலையான பொது ஐபி கிடைத்து, உள்ளே வரும் 25ஆம் போர்ட்டும் திறந்திருந்தால், பெறுவது வீட்டிலேயே நடக்கும். கரண்ட் போனால் மெயில் தொலைந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். தொலையாது. ஒழுங்கான சர்வர்கள் திரும்பத் திரும்ப வந்து தட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாக 5 நாள் வரை விடாது.

காரைக்குடியிலிருந்து, ஒரு பள்ளியின் கணினி ஆசிரியை: "நாங்கள் அனுப்புவதெல்லாம் போகிறது. ஆனால் நேற்று காலையிலிருந்து வெளியிலிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை. அனுப்பியவர்களுக்கு 554 என்று போட்டு, ஸ்பாம்ஹவுஸ் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று திரும்புகிறதாம். ஜிமெயில், வங்கி, பெற்றோர் எல்லோருமா ஸ்பேமர்?"

நேற்று முன்தினம் சர்வரின் டிஎன்எஸ்ஸை கூகுளின் 8.8.8.8 மாதிரி, ஊரே பயன்படுத்தும் ஏதோ ஒரு பொது டிஎன்எஸ் முகவரிக்கு மாற்றினீர்கள், சரியா? எனக்கு ஜோசியம் தெரியாது. இதே தப்பை நான் செய்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை, டிஎன்எஸ் மெதுவாக இருக்கிறதே என்று ஒரு வாடிக்கையாளர் சர்வரில் அந்த எண்ணைப் போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போய்விட்டேன். ஞாயிறு முழுக்க நிம்மதி. ஆபீஸ் மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. திங்கள் காலை 9 மணிக்கு ஆரம்பித்த போன் மதியம் வரை நிற்கவில்லை.

நடப்பது இதுதான். யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அவர் ஐபியைத் தலைகீழாக எழுதி, பின்னால் ஸ்பாம்ஹவுஸின் ஜென் பட்டியல் பெயரைச் சேர்த்து ஒரு டிஎன்எஸ் கேள்வி கேட்கும். பட்டியலில் இல்லை என்றால் பதிலே இருக்காது. இருந்தால் 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்பது போல ஒரு பதில் வரும். பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்பவர்களுக்கு ஸ்பாம்ஹவுஸ் இதைச் சொல்வதில்லை. 127.255.255.254 என்று ஒரு பதிலைத் தரும், "இந்த வழியாகக் கேட்காதே" என்று அர்த்தம். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸுக்கு அந்த அர்த்தம் தெரியாது. ஏதோ ஒரு பதில் வந்ததா, வந்தது, அப்படியானால் ஆள் பட்டியலில் இருக்கிறான், வெளியே போ. வந்தவர் யாராக இருந்தாலும்!

சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் தேடும் மென்பொருளை நிறுவி, டிஎன்எஸ்ஸை 127.0.0.1க்கு, அதாவது அந்த சர்வருக்கே, திருப்புங்கள். அது வேறு யாரிடமும் கேட்காமல் தானே தேட வேண்டும். ஃபார்வர்ட் செய்யும்படி அமைத்தால் பழைய கதைதான். கூடவே, பட்டியலைச் சொல்லும் அந்த வரியில் பெயருக்குப் பின்னால் சமக்குறி போட்டு 127.0.0.2 முதல் 11 வரையிலான பதில்களை மட்டும் ஏற்கும்படி எழுதுங்கள். இரண்டாவது முறை தடுக்கி விழாமல் இருக்க அது உதவும்.

ஏற்கெனவே திரும்பியவை திரும்பியவைதான். 554 என்பது "வராதே", எனவே அவர்கள் மறுபடி அனுப்பினால்தான் உண்டு. பெற்றோர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டுவிடுங்கள். இனிமேல் சர்வரில் எதையாவது நோண்டும்போது "சாஃப்ட் பவுன்ஸ்" என்ற வரியை "எஸ்" என்று வைத்துவிட்டு நோண்டுங்கள். 5 என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் 4 என்று சொல்லும். அனுப்புகிறவர்கள் காத்திருந்து மறுபடி வருவார்கள். வேலை முடிந்ததும் "நோ" ஆக்க மறக்காதீர்கள். அதை மறந்த கதையை இன்னொரு இதழில் சொல்கிறேன்.

கோயம்புத்தூர் வாசகர்: "எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க், பிடிஆர் எல்லாம் சரி. ஜிமெயில் வாங்கிக்கொள்கிறது. ஹாட்மெயில், அவுட்லுக் முகவரிகளுக்கு மட்டும் 550 என்று வந்து, கடைசியில் எஸ்3140 என்று முடிகிறது. போன வாரம்தான் புது விபிஎஸ் எடுத்தேன். ஒரு ஸ்பேம்கூட அனுப்பவில்லை."

நம்புகிறேன். அந்த வாக்கியத்தை முழுக்கப் படியுங்கள்: "உங்கள் இணைய சேவையாளரின் நெட்வொர்க்கின் ஒரு பகுதி எங்கள் தடைப் பட்டியலில் இருக்கிறது." உங்கள் வீடு சுத்தம், தெரு சரியில்லை. மலிவு விபிஎஸ்களில் இது சகஜம். பக்கத்து ஐபிகளில் குடியிருந்த யாரோ கொட்டிய குப்பைக்கு நீங்களும் சேர்ந்து மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட்டின் அனுப்புநர் உதவிப் படிவம் இருக்கிறது, அதில் ஐபியையும் பிழை வரியையும் அப்படியே ஒட்டி அனுப்புங்கள். முதல் பதிலோடு நின்றுவிடாமல் அதற்கு மறுபதிலும் போடுங்கள். எஸ்என்டிஎஸ் என்ற அவர்களது சேவையில் ஐபியைப் பதிவு செய்தால் அதன் நிலவரமும் தெரியும். விபிஎஸ்காரரிடமும் டிக்கெட் போடுங்கள். வேறு ஐபி கேட்டால் பல சமயம் தருவார்கள். ஆனால் அதே தெருவில் இன்னொரு கதவு எண்ணைத் தந்தால் வாங்காதீர்கள். புது ஐபியை ஏற்கும் முன்பே தடைப் பட்டியல்களில் தேடிப் பாருங்கள். வாடகை வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்கிறோமே, அப்படி.

இரண்டு வாரம் போராடியும் நகரவில்லை என்றால், அவுட்லுக், ஹாட்மெயில் டொமைன்களுக்கு மட்டும், எந்த டொமைனுக்கு எந்த வழி என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் மேப் எழுதி ஒரு ரிலே வழியாக அனுப்புங்கள். சொந்த சர்வர் வைத்துக்கொண்டு ரிலேயா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் கௌரவப் பிரச்சினை கிடையாது.

தஞ்சாவூர், கேட்டரிங் நடத்தும் பெண்மணி: "வெப்சைட்டில் விசாரணைப் படிவம் வைத்திருக்கிறோம். ஜிமெயில் முகவரி கொடுப்பவர்களுடைய விசாரணை வருகிறது, யாஹூ கொடுப்பவர்களுடையது எங்கள் ஜிமெயிலுக்கு வருவதில்லை. 550, 5.7.26."

படிவத்தை எழுதியவர், விசாரிப்பவரின் முகவரியையே "ஃப்ரம்" இடத்தில் போட்டு அனுப்புகிறார். யாஹூவின் பெயரில் உங்கள் சர்வர் மெயில் அனுப்புவதாக ஆகிவிடுகிறது. 2014 ஏப்ரலிலிருந்து யாஹூ தன் டிமார்க் கொள்கையை "ரிஜெக்ட்" என்று வைத்திருக்கிறது. தன் சர்வரிலிருந்து வராததைத் திருப்பிவிடச் சொல்லி ஊருக்கே அறிவித்திருக்கிறது. ஃப்ரம்மில் உங்கள் டொமைன் முகவரியைப் போடச் சொல்லுங்கள். விசாரிப்பவரின் முகவரி "ரிப்ளை டு"வுக்குப் போகட்டும். பத்து நிமிட வேலை. இதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஈரோடு வாசகர்: "யாஹூவுக்கு அனுப்பினால் 421, டிஎஸ்எஸ்04, எதிர்பாராத அளவு மெயில் வருவதால் தாமதப்படுத்துகிறோம் என்கிறது. நாங்கள் ஒரு நாளைக்கு 30 மெயில் அனுப்பினாலே அதிகம்."

நீங்கள் 30 அனுப்புகிறீர்கள். வேறு யாரோ உங்கள் பெயரில் மிச்சத்தை அனுப்புகிறார். இந்த வரியைப் படித்ததும் இதழைக் கீழே வைத்துவிட்டு மெயில்க்யூ (mailq) என்று அடித்துக் கடைசி வரியைப் பாருங்கள். எத்தனை மெயில் வரிசையில் நிற்கிறது என்று அதில் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நூற்பாலையில் பொங்கல் லீவில் இதே நடந்தது. வரிசையில் 11,000 சொச்சம். அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒருவரின் பாஸ்வேர்ட், ஆலையின் பெயரும் 123ம். யார் லாகின் செய்து அனுப்பினார் என்று காட்டும் சாஸல் யூசர்நேம் என்ற சொல்லை லாக்கில் தேடியதும் அவர் பெயர் வரிசையாகக் கொட்டியது. நள்ளிரவு 2 மணிக்கு, அவர் வாழ்நாளில் போயிராத தேசங்களின் ஐபிகளிலிருந்து. பாவம், மனிதர் அப்போது சொந்த ஊரில் மாட்டுப்பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

பதற்றத்தில் வரிசையை மொத்தமாக அழித்துவிடாதீர்கள். அந்தக் குப்பைக்குள் உங்கள் 30ம் நிற்கிறது. முதலில் போஸ்ட்சூப்பர் கட்டளையால் எல்லாவற்றையும் ஹோல்டில் போடுங்கள், வரிசையில் நிற்பது ஒன்றும் வெளியே போகாது. பிறகு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்புகளையும் துண்டியுங்கள். அப்புறம் அந்த யூசர் அனுப்பியவற்றை மட்டும் பொறுக்கி அழித்துவிட்டு மற்றதை விடுவியுங்கள். லாக்கில் சாஸல் பெயரே இல்லாமல் மெயில் கிளம்புகிறது என்றால், அதே சர்வரில் இருக்கும் வெப்சைட்டின் பிஹெச்பி கோப்புகளைச் சந்தேகப்படுங்கள்.

பட்டியல்களிலிருந்து பெயரை நீக்கக் கேட்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். ஓட்டையை அடைக்காமல் நீக்கச் சொன்னால் மறுநாளே மறுபடி ஏறும், அடுத்த முறை கேட்கும்போது முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஸ்பாம்ஹவுஸில் நீக்கக் காசு கிடையாது. காசு கேட்கும் சில பட்டியல்களும் உண்டு, நான் இதுவரை கொடுத்ததில்லை. யாஹூவின் 421 தானாகத் தணியும். அது 4இல் தொடங்குகிறது, பாருங்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற பொறியாளர்: "வங்கி ஓடிபி மட்டும் 15 நிமிடம் கழித்து வருகிறது. வரும்போது அது காலாவதி. மகள் சிரிக்கிறாள்."

ஐயா, கிரேலிஸ்டிங் போட்டிருக்கிறீர்கள். தெரியாத ஆள் முதல்முறை வந்தால் 450 என்று திருப்பியனுப்பி, ஐந்து நிமிடம் கழித்து வந்தால் உள்ளே விடுவது. ஸ்பேமர் திரும்பி வர மாட்டான் என்ற நம்பிக்கை. 2003இல் இது நல்ல யோசனையாக இருந்தது. ஆனால் பெரிய நிறுவனங்களிடம் மெயில் அனுப்பும் சர்வர்கள் நிறைய இருக்கும், இரண்டாவது முறை வேறு ஐபியிலிருந்து வந்து தட்டும். உங்கள் சர்வர் அதையும் புது ஆள் என்று திருப்பும். இந்த வேலையைச் செய்யும் போஸ்ட்கிரே மென்பொருளை நிறுத்திவிடுங்கள். மகளிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம், நானும் போன வருடம் வரை வைத்திருந்தேன்.

சேலம் வாசகர்: உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் சர்வர் முகவரி, ரூட் பாஸ்வேர்ட் இரண்டும் இருக்கின்றன. "அக்கா உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற நல்லெண்ணம் புரிகிறது. அந்தப் பக்கத்தை நானே கிழித்துப் போட்டுவிட்டேன், ஆனால் கடிதம் என் கைக்கு வரும் முன் ஆபீஸில் நாலு மேசை தாண்டி வந்திருக்கிறது. இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றிய பிறகு, மெயில் திரும்பிய நேரத்து லாக் வரி நாலை மட்டும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் முதல் பதில் உங்களுக்கு.